சாய்தளம் இருந்தும் ஏற முடியவில்லை, ஏன்?

[திரையில்: வரைபடமாக ஓர் அலுவலக வாசல். நான்கு படிகள், இரண்டடி உயரம். ஓரத்தில் குட்டையான சிமெண்ட் சரிவு.]

குரல்: கட்டியவரின் கணக்கில் இது சாய்தளம். சக்கர நாற்காலியில் வருபவர் இதில் தனியாக ஏற முடியாது; இறங்கினால் கவிழ்ந்துவிடும் ஆபத்து உண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பதுதான் அளவு. அப்படியானால் இந்த வாசலுக்கு 24 அடி. ஐந்தடியில் முடித்துவிட்டு எப்படித் தப்ப முடிகிறது?

[திரையில்: 2016 – மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்]

இந்தச் சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 21 ஆயின. அரசு வேலையில் இடஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது. இவை பலருக்கும் தெரிந்தவை.

அதிகம் பேசப்படாதது 44ஆவது பிரிவு. இந்தச் சட்டத்திலேயே மிகக் கூர்மையான பிரிவு இதுதான் என்பேன். மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோக வகுத்த அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி கிடையாது. அனுமதி வாங்கிவிட்டு மாற்றிக் கட்டினால் நிறைவுச் சான்று கிடையாது. உள்ளே குடிபோகவும் முடியாது. பழைய பொதுக் கட்டடங்களுக்கு, 45ஆவது பிரிவு விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டு கெடு தந்தது. சட்டத்தை மீறினால், 89ஆவது பிரிவின்படி முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

இவ்வளவு இருந்தும் அந்த ஐந்தடிச் சரிவு ஏன் நிற்கிறது?

[திரையில்: ‘விதி 15’ என்ற சொல் பெரிதாகிறது.]

சட்டம் எல்லாவற்றையும் ‘விதிகளின்படி’ என்று, மத்திய அரசு வகுக்கும் விதிகளிடம் ஒப்படைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. அவற்றில் 15ஆவது விதி, கட்டாய அளவுகளைத் தானே வகுக்காமல், வழிகாட்டு நெறிமுறைகளைக் கைகாட்டியது. அந்த நெறிமுறைகளோ பெரும்பாலும் பரிந்துரைகள். பரிந்துரையை மீறியவருக்கு அபராதம் போட முடியுமா? சட்டத்தின் பல்லை அதன் விதியே பிடுங்கிவிட்டது.

பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வழக்கில்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. ஐதராபாத் நால்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் நிலைமையை ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தது. 2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு தீர்ப்பளித்தது: 15(1) விதி தாய்ச் சட்டத்துக்கே முரணானது. எவையெல்லாம் கட்டாயம் என்று பிரித்து, மூன்று மாதங்களுக்குள் விதி வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மீறுபவர்களுக்கு நிறைவுச் சான்றை நிறுத்திவைக்கவும் அபராதம் விதிக்கவும் வேண்டும் என்றது.

ஆகவே உங்கள் ஊரில் புதிய கட்டடம் எழும்பினால், கவனிக்க வேண்டிய கட்டம் திறப்பு விழா அல்ல, நிறைவுச் சான்றுக்கான ஆய்வு. திறப்பு விழா முடிந்தபின் வாசலை இடித்துக் கட்ட யாருக்கும் மனம் வராது. சரிவின் நீளத்தை அளக்கும்படி, சான்று தரும் அலுவலகத்திடம் அப்போதே எழுதிக் கேளுங்கள். கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி திரும்புமா என்றும் கேளுங்கள்.

[திரையில்: மனு ஒன்று, மாநில ஆணையர் அலுவலகத்துக்குப் போகிறது.]

பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அவர் பரிந்துரைத்ததை ஏற்காத அலுவலகம், மூன்று மாதங்களுக்குள் அதற்கான காரணத்தை ஆணையரிடம் சொல்ல வேண்டும். புகார் கொடுத்தவருக்கும் தெரிவிக்க வேண்டும். இது 81ஆவது பிரிவு. மனுவில் இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.