சோறு போடுமா இந்தப் பந்து?

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

நம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளித் திடலில் வலைப்பந்துதான் பழக்கம். கூடைப்பந்து சீனப்பள்ளிப் பிள்ளைகள் ஆட்டம் என்று நாமே ஒதுங்கிக்கொண்டோம். மீறி ஒருத்தி ஆடினால், "பள்ளியில் படிவம் மூன்று வரை ஆடியது போதும். இது சோறு போடுமா?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். லாரன் ஜாக்சன் என்ற கூடைப்பந்து ஆட்டக்காரரின் வாழ்க்கையை வைத்துப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆஸ்திரேலியாவில், மர்ரே ஆற்றங்கரையில் இருக்கும் ஆல்பரி அவர் ஊர். 1981இல் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே நாட்டுக்காகக் கூடைப்பந்து ஆடியவர்கள். ஆறடி ஐந்து அங்குல உயரம். நம் வீட்டுப் பெண் அப்படி வளர்ந்தால் மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்றுதான் முதலில் கவலைப்படுவோம்! அவர் 19 வயதில் சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏவில், அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் சியாட்டல் ஸ்டார்ம் அணி அவரை முதல் ஆளாக எடுத்துக்கொண்டது. 2004லும் 2010லும் அந்த அணி கோப்பை வென்றது. 2003, 2007, 2010 என மூன்று முறை லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு.

சரி, சம்பளம்? அங்கேதான் சிக்கல். அமெரிக்க ஆட்டக்காலம் கோடையில் சில மாதங்கள் மட்டும். ஆண்களுக்குக் கோடி கோடியாகக் கொட்டிய நாடு, பெண்களுக்குக் கிள்ளிக் கொடுத்தது. அதனால் குளிர்காலத்தில் வெளிநாட்டு அணிகளுக்கு ஆடப் போனார்கள். லாரனும் ரஷ்யாவுக்கும் கொரியாவுக்கும் போனார். டயானா டவுராசி என்ற இன்னொரு பெரிய ஆட்டக்காரரின் கதையைக் கேளுங்கள். 2015இல் அவருடைய ரஷ்ய அணி, "அமெரிக்காவுக்குப் போகாதே, ஓய்வெடு" என்று சொல்லி அதற்கும் பணம் கொடுத்தது. அவரும் அந்த ஆண்டு அமெரிக்காவில் ஆடவில்லை. சும்மா இருக்கச் சம்பளம்! நம் ரப்பர் தோட்டத்தில் யாராவது வாங்கியிருக்கிறோமா?

ரப்பர் மரத்துக்குக்கூட இலை உதிரும் காலத்தில் பால் வெட்டுவதை நிறுத்தி ஓய்வு விடுவார்கள். இந்தப் பெண்களுக்கு அந்த ஓய்வும் இல்லை. லாரனின் முழங்கால் தாங்கவில்லை, 2016இல் விலகினார். பிறகு இரண்டு ஆண்பிள்ளைகளுக்குத் தாயானார். ஆஸ்திரேலியக் கூடைப்பந்து அமைப்பிலேயே, பெண்கள் ஆட்டத்தை வளர்க்கும் பொறுப்பும் கிடைத்தது. ஆடி முடித்தவருக்கு ஆட்டத்துக்குள்ளேயே உத்தியோகம். அம்மாக்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2022இல் சொந்த ஊர் அணிக்கு ஆடத் திரும்பினார். அதே ஆண்டு சிட்னி உலகக் கோப்பையில், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கனடாவுக்கு எதிராக 30 புள்ளிகள் எடுத்தார். வயது 41! 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் வெண்கலம். அது அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக் பதக்கம்.

ஆக, சோறு போட்டது; முழங்காலையும் வாங்கிக்கொண்டது. ஆனால் நம் பிள்ளைகள் நின்றுபோவது சம்பளத்தை நினைத்தா? பயிற்சி முடிய சாயங்காலம் ஆகிறது, அதற்குள் பஸ் போய்விடுகிறது, பெண்பிள்ளை இருட்டில் எப்படித் தோட்டத்துக்குத் திரும்புவாள் என்ற பயம். அதனால் கோயில் நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம்: பயிற்சி நாட்களில் நம் வேன் ஏழு மணிவரை பள்ளி வாசலில் நிற்கட்டும். எண்ணெய்ச் செலவில் பாதியை நான் தருகிறேன். மீதிக்கு யார் என்று இப்போதே கைதூக்கிச் சொல்லுங்கள்.