கால் மில்லிமீட்டர் சுவர்

எல்லாருக்கும் வணக்கம். ஏரோஸ்பேஸ் படித்துவிட்டு ஏன் பேட்டரிப் பக்கம் போனீர்கள், அது கெமிஸ்ட்ரிக்காரர்கள் வேலை ஆயிற்றே என்று உள்ளே வரும்போது ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

பழைய லேப்டாப் பேட்டரிக்குள் 18650 செல்லைப் பார்த்திருப்பீர்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம், நிக்கல் பூசிய எஃகு டப்பா. சுவர் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். உள்ளே எலக்ட்ரோடுகளை, அதாவது மின்முனைத் தகடுகளை, பாய் மாதிரி சுருட்டி வைத்திருப்பார்கள். மெல்லிய உருளை, உள்ளே அழுத்தம் என்று வந்துவிட்டால் ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிக்குப் போடுகிற கணக்குதான் இதற்கும். அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால் சுற்றுவாக்கில் வரும் தகைவு, அதாவது உலோகத்தின் ஒரு சதுர அளவைப் பிடித்து இழுக்கும் விசை, கிடைக்கும். நீளவாக்கில் வருவது அதில் பாதிதான். அதனால் சுவர் கிழிந்தால் மேலிருந்து கீழாக நெடுக்கத்தான் கிழியும், தீ நேரே பக்கத்துச் செல்மேல் பாயும். சில மின்சார கார்களில் இப்படி ஆயிரக்கணக்கான செல்கள் நெருக்கி அடுக்கியிருக்கின்றன, யோசித்துப் பாருங்கள்.

அதற்காகத்தான் மூடிக்கு அடியில் உள்ள மெல்லிய தகட்டில் ஒரு கோடு கீறி வைக்கிறோம். செல் சூடாகி வாயு பெருகினால் சுவர் கிழிவதற்கு முன்னால் அந்தக் கோடு திறந்து வழிவிட வேண்டும், மற்ற நேரத்தில் திறக்கவே கூடாது. கீறல் ஆழம் கூடினால் வண்டியின் அதிர்விலேயே உலோகம் சோர்ந்து என்றாவது விட்டுப்போகும். குறைந்தால் சுவர் முந்திக்கொள்ளும், அதிலும் சூட்டில் எஃகின் வலு இறங்கிவிடும் என்பதால் குளிர்ந்த எஃகுக்குப் போட்ட கணக்கை நம்ப முடியாது. என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கோட்டோடுதான் போயிருக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான்.

ராக்கெட் தொட்டியில் இல்லாத தொல்லை ஒன்று இங்கே உண்டு. உள்ளே இருக்கிற சரக்கே பருக்கும். சார்ஜ் ஏறும்போது எலக்ட்ரோடில் உள்ள கிராஃபைட் சுமார் 10 சதவீதம் பருக்கிறது, அதற்குப் பதில் சிலிக்கான் இருந்து முழுதாக லித்தியத்தை ஏற்றால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஆகிவிடும். சார்ஜ் இறங்கினால் திரும்பச் சுருங்கும். ஆயிரம் முறை இப்படிப் பருத்துச் சுருங்கினாலும் சுருள் நசுங்கக் கூடாது, எலக்ட்ரோடுகள் ஒன்றையொன்று தொடாமல் பிரிக்கும் இடைப்படலம் கிழியக் கூடாது.

2013 ஜனவரியில் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 787 ஒன்றின் லித்தியம் பேட்டரி எரிந்தது. சில நாளில் ஜப்பானில் இன்னொரு 787 புகை வந்து அவசரமாகத் தகமாத்சுவில் இறங்கியது. உலகம் முழுக்க அந்த ரக விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. அப்புறம் திரும்பப் பறக்க வைத்தது எது? புது ரசாயனம் இல்லை. செல்களுக்கு நடுவே கூடுதல் காப்பு, பேட்டரியைச் சுற்றித் துருப்பிடிக்காத எஃகுப் பெட்டி, புகையை விமானத்துக்கு வெளியே கொண்டுபோக ஒரு குழாய்.

ஆகவே வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் லித்தியத்தைப் பற்றி முதலில் கேட்பதில்லை. மெல்லிய உருளையில் தகைவு எப்படிப் பரவும், விரிசல் எப்படி வளரும் என்றுதான் கேட்கிறேன். கெமிஸ்ட்ரியைப் பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.