மெரினா மணல்ல மெட்டல் டிடெக்டர் ஏன் விடாம கத்துது? சென்சிடிவிட்டியை (உணர்திறனை) குறைங்க, ஆழம் கூடும்!

[திரையில்: ஈர மணல் மேல் காயில் வீசுகிறது. இடைவிடாத சத்தம்.]

கீழ ஒரு ஆணி கூட இல்ல. ஆனா மெஷின் கத்திக்கிட்டே இருக்கு. ரிப்பேர்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க மக்களே, அது மண்ணைப் பாத்துக் கத்துது.

பின்னணி ரெண்டே வரி. அடியில இருக்கிற வட்டத் தட்டான காயில் அனுப்புற காந்தப்புலத்துக்குக் கீழ இருக்கிற பொருள் கொஞ்சம் தாமதமா பதில் குடுக்கும். அந்தத் தாமதத்தை வச்சுத்தான் இரும்பா, தங்கமா, வெறும் மண்ணான்னு மெஷின் பிரிக்குது.

முதல்ல காயிலைத் தரையிலேர்ந்து ஒரு மீட்டர் தூக்கி, ஆடாம பிடிங்க. அப்பவும் கத்துனா அது கரண்ட் லைன் தொந்தரவு. நாய்ஸ் கேன்சல் (வெளித் தொந்தரவை ஒதுக்குற செட்டிங்) போடுங்க. அமைதியாயிட்டா, மண்தான் காரணம்.

அடுத்து கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணோட சிக்னலை மெஷின் கண்டுக்காம இருக்கப் பழக்குறது. உலோகமே இல்லாத ஒரு இடத்தைத் தேடிப் பிடிச்சு, பட்டனை அழுத்திக்கிட்டே காயிலை 3 சென்டிமீட்டர்லேர்ந்து 20 வரைக்கும் ஏத்தி இறக்குங்க. சத்தம் மாறாம நின்னா முடிஞ்சுது. அடியில ஆணி கிடந்தா மெஷின் அந்த ஆணிக்கு பேலன்ஸ் ஆயிடும், அதனால இடத்தை முதல்ல நல்லா வீசிப் பாத்துக்கோங்க.

[திரையில்: 0 முதல் 99 வரை ஒரு அளவுகோல்.]

இப்பதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி! ஃபிஷர் எஃப்75 மாதிரி மெஷின்ல மண்ணுக்கு 0லேர்ந்து 99க்குள்ள ஒரு நம்பர் வரும். உப்புத் தண்ணி ஊறின மணல் 0 பக்கம் நிக்கும். செங்குன்றம் பக்கத்துச் செம்மண் மாதிரி இரும்புச் சத்துள்ள மண்ணு பொதுவா 40லேர்ந்து 75க்குள்ள. மேக்னடைட்ங்கிற, காந்தத்துல ஒட்டுற இரும்புத் தாது கலந்த கருமணல் 75லேர்ந்து 95. மெரினாவுல அலை ஓரமா கறுப்புக் கோடு கோடா தெரியுதே, அதை ஒரு காந்தத்தைக் கவர்ல சுத்தி காஞ்ச மணல்ல இழுத்துப் பாருங்க. மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு வந்தா மேக்னடைட் இருக்கு.

சிக்கல் எங்கன்னா, அந்தக் கறுப்புக் கோடும் உப்பு ஈரமும் ஒரே இடத்துல கிடக்கு. ஒண்ணு அளவுகோலோட இந்த முனை, இன்னொண்ணு அந்த முனை. ஒரே ஃப்ரீக்வென்சியில (அலைவரிசையில) வேலை செய்ற மெஷினுக்கு ஒரே நேரத்துல ஒரு நம்பருக்குத்தான் பேலன்ஸ் ஆகத் தெரியும். உப்பை அடக்கினா கருமணல் கத்தும், கருமணலை அடக்கினா உப்பு கத்தும். சாதாரண மெஷினுக்கு இதைவிடக் கஷ்டமான மண்ணைச் சென்னைக்குள்ள தேடுறது சிரமம்.

அதனால ஒரே ஃப்ரீக்வென்சி மெஷின் வச்சிருக்கவங்க காஞ்ச மணல்லயே நில்லுங்க. ஈரத்துல இறங்கணும்னா மல்டி ஃப்ரீக்வென்சி (பல அலைவரிசை) மெஷின்தான் என் சிபாரிசு, பீச் மோட்ல. தண்ணிக் கோட்டுக்கு இணையா நடந்து வீசுங்க. கடலை நோக்கி நடந்தா அடிக்கு அடி ஈரம் மாறி பேலன்ஸ் கெட்டுடும்.

சென்சிடிவிட்டி? ஃபுல்லா வைக்கவே வைக்காதீங்க. மண்ணோட சிக்னலும் சேந்து பெருசாகி, நாணயத்தோட சிக்னல் அதுக்குள்ள அமுங்கிடும். ஒவ்வொரு ஸ்டெப்பா குறைச்சு, வீசும்போது மெஷின் அடங்குற இடத்துல நிறுத்துங்க. இன்னும் அடங்கலையா, காயிலை 3 சென்டிமீட்டர் தூக்குங்க, இல்ல 6 இன்ச் காயில் மாட்டுங்க.

சத்தம் பொறுக்காம ஃபாயில் ரேஞ்ச் (அலுமினியத் தாள் மாதிரி மெல்லிசு உலோகம் விழுற பகுதி) முழுக்க டிஸ்கிரிமினேஷன் (சில உலோகத்துக்குச் சத்தம் வராம வடிகட்டுறது) போட்டு அடைக்கிறவங்க, தயவுசெஞ்சு யோசிங்க. மூக்குத்தியும் மெல்லிசு தங்கச் செயினும் அதே ரேஞ்ச்லதான் விழும். செயின்ல ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியா பதில் சொல்றதால, எடை இருந்தாலும் சிக்னல் சின்னதுதான்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் களிமண்ல மழைக்கு முன்னாடி வச்ச பேலன்ஸ் மழைக்கு அப்புறம் செல்லாது, மறுபடி போடுங்க. ஆட்டோ டிராக்கிங் (பேலன்ஸைத் தானா மாத்திக்கிறது) நீங்க நடந்துக்கிட்டே வீசும்போது நல்லது. ஆனா ஒரே சிக்னல் மேல திரும்பத் திரும்ப வீசினா, அந்தப் பொருளையே மண்ணுன்னு நினைச்சு அழிச்சிடும். அங்க பேலன்ஸை லாக் பண்ணுங்க.

செட்டிங்கைச் சோதிக்க 10 ரூபாய் காயினை 10 சென்டிமீட்டர் ஆழத்துல புதைங்க. இப்போ புழக்கத்துல இருக்கிற 1 ரூபாய் காயின் காந்தத்துல ஒட்டுற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டெஸ்ட்டே தப்பாப் போகும்.

ஒரு முக்கியமான சட்டம்: மண்ணுல மறைஞ்சிருந்த, 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா 1878ஆம் வருஷச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கணும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்கள்ல தோண்டவே தோண்டாதீங்க.

உங்க ஏரியா மண்ணுக்கு என்ன நம்பர் வருது? ஊர் பேரோட கமெண்ட்ல போடுங்க, பக்கத்துல இருக்கிறவங்க அதுலேர்ந்தே ஆரம்பிக்கலாம்.