மண் குதிரையும் நான்காவது ஆணியும்

(ஆடித் தேர்த் திருவிழாவையும் குதிரைச் சந்தையையும் ஒட்டி ஈரோடு மாவட்டம் அந்தியூரில் நடந்த இளைஞர் வழிகாட்டுக் கூட்டமொன்றில் பேசியது. பேச்சில் விட்டுப்போன சில வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

பேரன்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, மூன்று கல்யாண வீடுகளை ஒத்திவைத்துவிட்டு இங்கே வந்து முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, ஆடிக்காற்றில் நாற்பது பிள்ளைகளை நடத்தியே கூட்டிவந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, எனக்குப் பிறகு பேசவிருக்கும் வங்கி மேலாளர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த மண்டபத்துக்காரர் அவர்களே, சந்தையில் குதிரைகளை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் நிற்கும் குதிரைக்காரப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். ஒலிபெருக்கி வைத்திருக்கும் தம்பியை அழைப்பிதழில் போட மறந்துவிட்டார்களாம். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். அவர் மனசு வைத்தால்தான் நான் பேசுவது உங்களுக்குக் கேட்கும்.

சற்று முன்பு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் அனுமதித்தால் அதை முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெரியவருக்குப் போர்த்திவிட்டுப் பேச ஆசை. யார் என்று இப்போது சொல்லமாட்டேன். பேச்சின் நடுவே வருவார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'குதிரைத் துறையில் வேலைவாய்ப்பு'. தலைப்பைக் கேட்டதும் ஒரு பழமொழி ஞாபகம் வந்தது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே. அது குதிரை இல்லை, மண் குதிர், அதாவது ஆற்று நடுவே இருக்கும் மணல்திட்டு என்று செல்போனில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் அய்யனார் கோயில் வாசலில் மண் குதிரை நிற்கும்போது, திட்டுக்கு எதற்குப் போக வேண்டும்? சரி, அந்தச் சண்டை இன்று வேண்டாம்.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, படித்துப் போகும் வழி. இரண்டு, கைத்தொழிலாகப் போகும் வழி. மூன்று, வெளிநாடு.

அதற்கு முன்னால் ஒரு கசப்பான கணக்கு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து சுமார் 3.4 லட்சம்தான். 2012இல் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்தது. ஏழே வருடத்தில் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. வண்டிக் குதிரையும் பொதி சுமக்கும் குதிரையும் இருந்த இடத்துக்கு ஆட்டோவும் மினி லாரியும் வந்துவிட்டன. ஆகவே, ஒரு குதிரையை வாங்கி வாசலில் கட்டிவிட்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்று எவராவது உங்களிடம் சொன்னால், மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே.

படிப்பு வழி. கால்நடை மருத்துவம் ஐந்தரை வருடம், அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. சென்னை வேப்பேரிக் கல்லூரி 1903இல் தொடங்கியது. இன்று நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று பல ஊர்களில் கல்லூரி இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு, நீட் கிடையாது. பின்வரிசைப் பிள்ளைகள் கவனிக்கவும். முடித்தால் ராணுவத்தின் குதிரைகளையும் மற்ற விலங்குகளையும் பார்த்துக்கொள்ளும் ரீமவுண்ட் கால்நடைப் படைக்குப் போகலாம். அவர்களுடைய கல்லூரி மீரட்டில் இருக்கிறது. ஜெய்ப்பூரில் 61ஆவது குதிரைப்படை இன்றும் குதிரையில்தான் இருக்கிறது. ஹிசாரில் குதிரை ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் உண்டு. சென்னையில் காவல்துறைக்குக் குதிரைப்படை இருக்கிறது.

இன்னொரு இடம் பலருக்குத் தெரியாது. பாம்புக்கடிக்குப் போடுகிறோமே ஊசி, அது குதிரை தருவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிய பிறகு இரத்தம் எடுத்துப் பிரிக்கிறார்கள். விஷம் எடுத்துத் தருவதில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு. மருந்து செய்யும் நிறுவனங்கள் குதிரைக் கூட்டமே வைத்திருக்கின்றன. அங்கே டாக்டரும் வேண்டும், தீனி வைக்கிறவரும் வேண்டும். நம் வயல்காட்டில் பாம்பு கடித்துப் பிழைத்து வந்தவர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு குதிரைக்குக் கடன்பட்டவர்.

பந்தயம் பற்றிக் கேட்பீர்கள். அதில் பணம் கட்டுவதைப் பற்றி நான் பேச வரவில்லை, வேலையைப் பற்றித்தான். பெங்களூரிலும் புனேயிலும் ஜாக்கி ஆவதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். உடம்பு ஐம்பது கிலோவைச் சுற்றி நிற்க வேண்டும். நம் வீட்டுப் பரோட்டா அதற்கு ஒத்துவராது. கிண்டிப் பந்தயத் திடல் இருந்த சுமார் 160 ஏக்கரின் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. அது சரியா தவறா என்பது வேறு மேடைக்குரிய பேச்சு. அந்த லாயங்களை நம்பி வாழ்ந்த சைஸ்மார்கள், அதாவது குதிரை பராமரிக்கிறவர்கள், இந்த மேடைக்கு உரியவர்கள். முப்பது வருடம் குதிரை பார்த்த மனிதரிடம், 'எனக்கு இந்த வேலை தெரியும்' என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு உண்டா? இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள், திரும்ப வருகிறேன். விளையாட்டில் நல்ல செய்தியும் உண்டு. ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023இல், நம் நாட்டுக் குழு டிரெஸ்ஸாஜ் போட்டியில், அதாவது குதிரையைச் சொன்னபடி அழகாக நடத்திக் காட்டும் போட்டியில், தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் 1982க்குப் பிறகு கிடைத்த தங்கம் அது.

இனி இரண்டாவது வழி, கைத்தொழில். இதற்கு ஒரு கதை சொல்லியாக வேண்டும்.

நான் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிது. எண்பதுகளின் நடுவில். மாட்டைப் பற்றித் தெரிந்த அளவுக்குக் குதிரையைப் பற்றித் தெரியாது. ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுகிறார்கள். மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளை பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் குதிரையில் வருவதாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. குதிரை நொண்டுகிறது. மாப்பிள்ளையின் தாய்மாமன் என் கையைப் பிடித்து, "ஏனுங் டாக்டரு, எங்க மானமே உங்க கையிலதானுங்க இருக்குது" என்கிறார்.

போனேன். வெள்ளைக் குதிரை. முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் நுனியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நானும் பார்த்தேன், தடவினேன், தலையை ஆட்டினேன். தோளில் பிசகு என்று முடிவு கட்டினேன். ஒரு ஊசி போட்டேன். அரைமணி நேரம் கழித்து நடத்திப் பார்த்தால் அதே நொண்டல். இன்னொரு ஊசி. தாய்மாமன் முகம் சுருங்குகிறது. கல்யாண வீட்டில் பாதிப் பேர் பந்தியை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நிற்கிறார்கள். ஒரு பாட்டி சுத்திப்போட மிளகாய் எடுத்து வந்துவிட்டார். எனக்கா குதிரைக்கா என்று தெரியவில்லை.

அப்போது எவரோ போய் ஒரு லாடக்காரரைக் கூட்டி வந்தார்கள். தோளில் ஒரு சாக்குப் பை. என்னைப் பார்த்து, "டாக்டருங்க, ஊசி எங்க போட்டீங்க?" என்றார். தோளில் என்றேன். "நோவு அங்க இல்லீங்களே" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குளம்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். என் கையையும் இழுத்து வைத்தார். கொதிக்கிறது. மற்ற காலைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. காலை மடக்கித் தன் தொடைமேல் வாங்கிக்கொண்டு, சின்னச் சுத்தியால் லாட ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒன்று, ஒன்றுமில்லை. இரண்டு, ஒன்றுமில்லை. மூன்று, குதிரை காதை மட்டும் அசைத்தது. நான்காவது ஆணியில் தட்டினார் பாருங்கள், காலை உதறிய உதறலில் தாய்மாமன் பந்தல்காலைப் போய்க் கட்டிக்கொண்டார்!

இரண்டு நாளைக்கு முன்னால் யாரோ கற்றுக்குட்டி லாடம் கட்டியிருக்கிறான். குளம்பின் அடியில் வெள்ளைக்கோடு என்று ஒன்று உண்டு. அதற்கு வெளியே ஆணி போனால் நகத்தில் அடித்த மாதிரி, வலிக்காது. உள்ளே போனால் சதையில் அடித்த மாதிரி. அந்த ஆணி வெள்ளைக்கோட்டை ஒட்டி உள்ளே போயிருக்கிறது. குறட்டால் பிடுங்கி, ஆணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார். அழுகல் வாடை. வெந்நீரில் உப்புக் கரைத்துக் காலை அதில் வைக்கச் சொன்னார். என் பங்குக்கு நான் இரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டேன். அன்று ராத்திரி நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

தாய்மாமன் கேட்டார்: "அப்ப காலையில மாப்பிள்ளை ஏறலாமுங்களா?" லாடக்காரர் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "மாப்பிள்ளை கழுதை மேல வேணாலும் வரட்டும். இந்தக் குதிரை மேல ஒரு வாரத்துக்கு ஒருத்தரும் ஏறக்கூடாது." மாப்பிள்ளை அம்பாசிடர் காரில் வந்தார். லாடக்காரர் வாங்கிய கூலி பத்து ரூபாய். எனக்கு ஐம்பது கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த லாடக்காரரின் மகன்தான் முதல் வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருப்பவர். (கைதட்டல்.) அவருக்கும் இதே தொழில்தான். அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

இப்போது எழுநூறு வருடம் பின்னால் போவோம். 1290களில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகள் காயல் துறையில் வந்து இறங்கின. இங்கே ஆண்ட ஐந்து சகோதரர்களும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் ஆண்டுதோறும் வாங்கினார்களாம். வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். காரணம் என்ன எழுதுகிறார் தெரியுமா? இங்கே குதிரை பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை, லாடக்காரர்கள் இல்லை. விற்கிற வியாபாரிகளோ லாடக்காரர்களைக் கூட்டி வருவதில்லை, வேறு எவரையும் வரவிடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்! பாண்டியர் கஜானாவின் தங்கமெல்லாம் ஒரு லாட ஆணி அடிக்க ஆளில்லாமல் கப்பலேறிப் போயிருக்கிறது. உயிருள்ள குதிரையையே மண் குதிரை ஆக்கிவிட்டோம். அதை நம்பித்தான் ஆற்றில் இறங்கியிருக்கிறோம்.

ஆகவே நான் பத்து வருடமாகக் கேட்பது ஒன்றுதான். அந்தியூரில் ஒரு லாடப் பள்ளி. பெரிய கட்டிடம் வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு உலை, நான்கு குதிரை, ஒரு ஆசிரியர். ஆறு மாதப் படிப்பு, கடைசியில் அரசு முத்திரை போட்ட சான்றிதழ். ஒரு குதிரைக்கு ஐந்து வாரத்துக்கொருமுறை லாடம் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்குப் பத்து முறை. அறுபது குதிரை கைவசம் இருக்கும் ஒரு லாடக்காரருக்கு அறுநூறு வேலை. தினம் இரண்டு. ஊட்டியில், கொடைக்கானலில், மெரினாவில் சவாரிக் குதிரைகள் இருக்கின்றன. கோவைப் பக்கம், பெங்களூரில் குதிரையேற்றப் பள்ளிகள் இருக்கின்றன. ராணுவம் தன் லாடக்காரர்களைத் தானே பழக்கிக்கொள்கிறது. நம் பிள்ளைகளை யார் பழக்குவது?

இதற்காக மூன்று மனு எழுதினேன். முதல் அலுவலகம், இது கால்நடை சம்பந்தப்பட்டது, எங்களுக்கு வராது என்றது. இரண்டாவது, இது தொழிற்பயிற்சி, எங்களுக்கு வராது என்றது. மூன்றாவது அலுவலகத்திலிருந்து வந்த பதிலில் என் மனுவின் பொருள் 'லாபப் பள்ளி' என்று இருந்தது. தட்டச்சுப் பிழை. அந்தப் பெயரும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சேணம் தைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவை மண்டலத்தில் விளையும் குதிரை மசால் என்ற தீவனப் பயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருமுறை விதைத்தால் இரண்டு மூன்று வருடம் அறுத்துக்கொண்டே இருக்கலாம், குதிரைக்கு அது விருந்து. புதுக்கோட்டைப் பக்கம் குளமங்கலம் அய்யனார் கோயிலில் 33 அடி உயரக் குதிரைச் சிலை நிற்கிறது. அய்யனாருக்கு மண் குதிரை செய்யும் வேளார்களும் என் கணக்கில் குதிரைத் தொழிலாளிகள்தான். மண் குதிரையை நம்பி ஆற்றில்தான் இறங்கக்கூடாது, அடுப்பெரிக்கலாம். ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வங்கி மேலாளரும் தொண்டையைக் கனைத்துவிட்டார்.

மூன்றாவது செய்தி, வெளிநாடு. வளைகுடா லாயங்களில் வேலை உண்டு. அரசிடம் பதிவு செய்த முகவர் வழியாக மட்டும் போங்கள். மீதியை அடுத்த ஆடிக்குச் சொல்கிறேன்.

வாசலில் மேசைமேல் நான்காவது மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேரூராட்சித் தலைவர் முதல் கையெழுத்துப் போடுவதாக எனக்குச் சொல்லவில்லை, ஆனால் போடுவார் என்று நினைக்கிறேன். (சிரிப்பு.) கூட்டம் முடிந்ததும் நம் பெரியவர் பின்பக்க மைதானத்தில் ஒரு குதிரைக்கு லாடம் கட்டிக் காட்டப்போகிறார். பிள்ளைகள் எல்லோரும் வந்து பாருங்கள். யார் வேண்டுமானாலும் சுத்தியைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். குதிரைக்குப் பின்னால் மட்டும் நிற்காதீர்கள். நன்றி, வணக்கம்.