கிளம்பும் நொடியில் டயருக்கு என்ன ஆகிறது?

நேயர்களுக்கு வணக்கம். டிராக் ரேஸுக்காக (நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் பந்தயம்) வீட்டிலேயே சஸ்பென்ஷனை மாற்றுகிறவர்கள் பலரிடம் ஒரு தப்புக்கணக்கு உண்டு. முன் ஸ்பிரிங்கை இளக்கினால் நிறைய எடை பின்னால் போகுமாம். போகாது. வண்டி 1,500 கிலோ, ஈர்ப்பு மையத்தின் உயரம் அரை மீட்டர், முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.7 மீட்டர் என்றால், 1 ஜி (புவியீர்ப்பின் அளவு) முடுக்கத்தில் பின்னுக்கு நகர்வது ஏறக்குறைய 278 கிலோ. எந்த ஸ்பிரிங் போட்டாலும் அநேகமாக இதே கணக்குதான். அந்தச் சுமை டயரில் சீராக இறங்கி நிற்கிறதா என்பதுதான் சஸ்பென்ஷன் கையில் இருக்கிறது.

பின்சக்கர இழுவை, பின்னால் லீஃப் ஸ்பிரிங் (வளைந்த பட்டை ஸ்பிரிங்) உள்ள வண்டியைப் பார்ப்போம். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும், பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் திருகிக்கொள்ளும். ஸ்பிரிங் பாம்புபோல் நெளிந்து, விடுபட்டு, மறுபடி நெளியும். சக்கரம் தடதடவென்று குதிப்பது இதனால்தான். ஆகவே முதல் செலவு டிராக்‌ஷன் பாருக்கு. ஆக்சில் திருகாமல் தடுக்கும் கம்பி அது. பளபளக்கும் ஷாக் அப்சார்பர் அப்புறம். ஸ்பிரிங்கின் முன்முனை வளையத்தில் இருக்கும் புஷ் தேய்ந்திருந்தால் பார் போட்டும் பயனில்லை. ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டைக் கழற்றினால், அதையே திரும்பப் போடாதீர்கள். புதியதை முறுக்கி, கொஞ்சம் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள்.

அடுத்தது பினியன் கோணம். இன்ஜினின் சுழற்சியை ஆக்சிலுக்குள் கொண்டுசேர்க்கும் பல்சக்கரம்தான் பினியன். கிளம்பும்போது பினியனின் மூக்கு மேலே எழும்பும் என்பதால், முன்கூட்டியே அதைக் கீழ்நோக்கி வைக்கிறோம். பார் இல்லையென்றால் 5 முதல் 7 டிகிரி. பார் இருந்தால் அதில் பாதி போதும். வண்டி சக்கரத்தில் நிற்கும்போது அளக்க வேண்டும். ஆக்சில் தொங்கும்போது அளந்தால் கணக்கு தப்பும். ரப்பர் புஷ் போல்ட்டுகளின் கடைசி இறுக்கமும் இப்படித்தான். தொங்கலில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக் கிழியும்.

முன்பக்கத்துக்கு 90/10 ஷாக் என்பார்கள்: சுலபமாக நீளும், மெதுவாகத்தான் சுருங்கும். சாலையிலும் ஓட்டுகிற வண்டியென்றால் திருகி மாற்றக்கூடிய வகையே நல்லது. வண்டியின் மூக்கு சட்டென்று எழும்பி உச்சியில் 'டக்'கென்று இடித்தால், அந்த நொடியில் பின்டயர் பிடி விடும். ஷாக் நீள்வதைக் கொஞ்சம் இறுக்குங்கள். மூக்கு எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. முன்சக்கரங்களை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பாருங்கள். இதையெல்லாம் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்துச் செய்யாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

முன்சக்கர இழுவை வண்டிக்கு எல்லாமே தலைகீழ். அங்கே பின்பக்கம் அமுங்கக் கூடாது. விறைக்க வேண்டியது பின் ஸ்பிரிங்கும் ஷாக்கும்தான்.