தடுமாற்றத்துக்குக் காரணம் வயதுதான்

நடுவர் அவர்களுக்கும், அவையில் இருக்கும் பெற்றோருக்கும், பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் வணக்கம். பதின்பருவத்துப் பிள்ளைகள் தடுமாறுவதற்குப் பெரிதும் காரணம் வயதா, வளர்ப்பா என்பது தலைப்பு. வயதுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா, "எங்களுக்கும் பதினாலு வயசு வந்தது. அப்பா எதிரில் நின்று பேசியிருப்போமா? எல்லாம் வளர்ப்பு" என்றார். கைதட்டலும் பலமாக இருந்தது. எதிர்த்துப் பேசவில்லை, சரி. உள்ளுக்குள் கொதிக்கவே இல்லையா ஐயா? காரணம் தெரியாமல் ஒரு நாளாவது அழுததில்லையா? வளர்ப்பு உங்கள் வாயை அடக்கியது. அந்தக் கொதிப்பைக் கொண்டுவந்தது எது? நடுவர் கேட்பது அதைத்தானே!

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். போன வருடம் என் வகுப்பில் ஒரு பையன். காலை பிரேயரில் தினமும் அவன்தான் பாடுவான். ஒரு திங்கட்கிழமை, மேலே எடுக்க வேண்டிய இடத்தில் குரல் பிசிறி, கீச்சென்று உடைந்தது. முன்வரிசை சிரித்தது. மறுநாளிலிருந்து வயிற்றுவலி என்று சொல்லி பிரேயருக்கே வருவதில்லை. கேட்டால் முறைப்பான். "வீட்டில் செல்லம் அதிகம், திமிர் ஏறிவிட்டது" என்று ஆசிரியர் அறையில் பேச்சு. நானும் தலையாட்டினேன். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரந்து குரல்வளை பெரிதாவதையும், குரல்நாண்கள் நீண்டு தடிப்பதையும் பாடமாக நடத்துகிறவளே நான்தான்! ஜூனில் தைத்த அவன் பேண்ட் அரையாண்டுத் தேர்வுக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அதைத் தினமும் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் ஒரு வருடத்தில் பையன்கள் 9, 10 சென்டிமீட்டர்கூட உயர்கிறார்கள்.

"அதே வகுப்பில் இன்னொருவன் ஒழுங்காக இருக்கிறானே?" என்று கேட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் தொடங்குகிறது. ஒரே பெஞ்சில் மீசை அரும்பியவனும் பால் முகம் மாறாதவனும் உட்கார்ந்திருப்பார்கள். பிறந்த வருடம் ஒன்று, உடம்பின் வயது வேறு.

மூளைக்கு வருவோம். அமெரிக்காவில் ஜே கீட் என்பவரின் குழு, பிள்ளைகளின் மூளையைச் சில வருட இடைவெளியில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, 1999-இல் முடிவை வெளியிட்டது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையில், நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் நிறப் பொருள் 11, 12 வயது வாக்கில் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் குறைகிறது. புழங்காத இணைப்புகளை மூளை கவாத்து செய்கிறது; புழங்குகிற நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்தி வேகம் கூட்டுகிறது. 'பொறு, யோசி' என்று சொல்லும் இடத்தில் இந்த வேலை முடிய 25 வயது வாக்கில் ஆகிவிடும். ஆசையும் ஆத்திரமும் கிளம்பும் இடங்களோ அதற்கு வெகு முன்பே வேகம் பிடித்துவிடுகின்றன.

"கூட்டாளி சரியில்லை" என்று நாம் சொல்வதற்கும் இதில் விடை இருக்கிறது. 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் பதின்பருவத்தினர் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் பெரிதாக இல்லை.

எதிரணி அம்மா ஒருவர், "ராத்திரி தூங்குவதில்லை, காலையில் எழுப்ப முடியவில்லை, எல்லாம் கைபேசி கொடுத்துக் கெடுத்த வளர்ப்பு" என்றார். கைபேசி கெடுதலைக் கூட்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பருவம் வர வர உறக்க நேரம் பின்னால் தள்ளிப்போகிறது என்று தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடன் எழுதியது 1993-இல். அப்போது எந்தப் பிள்ளையின் தலையணைக்கு அடியில் கைபேசி இருந்தது? தூக்கத்தை அழைத்துவரும் மெலடோனின் இந்த வயதில் தாமதமாகத்தான் சுரக்கிறது. தேவையோ 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். நாம் என்ன செய்கிறோம்? பத்தாம் வகுப்பு என்றதும் காலை ஐந்தரை மணிக்கு டியூஷன். பதினொன்றரைக்குக் கண் அசந்த பிள்ளையை ஐந்து மணிக்கு உலுக்கி எழுப்பி, சிடுசிடுக்கிறாள் என்று அவளையே குறை சொல்கிறோம். கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே போட்டு, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிள்ளையைத் திட்டாமல் கடிகாரத்தைத் தள்ளிவைத்தார்கள்.

"அப்படியானால் கண்டிக்கவே கூடாதா?" கண்டியுங்கள். பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் பெரியவர்கள் வேண்டும். ஆனால் உடம்பு செய்யும் வேலையைக் குணக்கேடு என்று பெயர் சூட்டாதீர்கள்.

அந்தப் பையனைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஒரு நாள் கரும்பலகையில் குரல்வளையை வரைந்து, குரல் ஏன் உடைகிறது என்று நடத்தினேன். மொத்த வகுப்பும் தொண்டையில் கை வைத்துப் பார்த்தது. சிரித்த பையன்களில் இரண்டு பேருக்கு அதற்குள் குரல் உடைந்திருந்தது. அவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. சுருதியை இறக்கி, மறுபடி பிரேயரில் பாடுகிறான். அதே அம்மா, அதே வீடு, அதே வளர்ப்புதான் நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.