பன்னிரண்டு மணி நேரத்துக்குள்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், எங்கள் ஓட்டக் குழுவின் நண்பர்களுக்கும், பேச அழைத்த வாசகர் வட்டத்தாருக்கும் வணக்கம்.

நான் விளையாட்டு வீரன் அல்லன். பள்ளியிலும் கல்லூரியிலும் எந்த அணியிலும் இடம்பெற்றதில்லை. 46 வயதில், இரத்த அழுத்தம் சற்றே கூடியிருப்பதாக மருத்துவர் சொன்ன பிறகு ஓடத் தொடங்கினேன். 52 வயதில், தென் ஆப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் மாரத்தானை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரிலிருந்து கடற்கரை நகரான டர்பன் வரை ஏறத்தாழ 88 கிலோமீட்டர் தூரத்தை, 11 மணி 41 நிமிடத்தில் ஓடி முடித்தேன். முதலாவதாக வருகிறவர்கள் ஐந்தரை மணி நேர அளவில் முடித்துவிடும் தூரம் அது. ஆயினும் 11 மணி நேரத்துக்கு மேல், 12 மணி நேரத்துக்குள் வந்து சேர்கிறவர்களுக்கென்றே அங்கு ஒரு பதக்கம் உண்டு. அதற்கு விக் கிளாஃபம் பதக்கம் என்று பெயர். அந்தப் பெயருக்குரியவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஓட்டத்தைப் பற்றிப் பேச முடியாது.

கிளாஃபம் ரயில் எஞ்சின் ஓட்டுநர். முதல் உலகப் போரில் படையில் சேர்ந்து, கிழக்கு ஆப்பிரிக்காவின் வெயிலிலும் காய்ச்சலிலும் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் தூரம் நடந்தவர். திரும்பி வந்தபோது, வராதவர்களை எப்படி நினைவுகூர்வது என்ற கேள்வி அவரை உறுத்தியது. கல்லில் சின்னம் எழுப்புவதைவிட, அவர்கள் பட்ட பாட்டை உடலால் உணரச் செய்யும் ஓட்டம் ஒன்றே பொருத்தம் என்று கருதினார். இது மனிதரால் ஆகாத காரியம் என்று முன்னாள் வீரர்களின் சங்கம் மறுத்தபோது அவர் வைத்த வாதம் எனக்கு மிகவும் பிடித்தமானது: மேசையிலும் கடையிலும் அமர்ந்து வேலை பார்த்த சாதாரண மனிதர்கள் படையில் சேர்ந்து அவ்வளவு தூரம் நடந்தார்கள் என்றால், பயிற்சி பெற்றவர் இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தூரத்தை ஏன் கடக்க முடியாது? மீண்டும் மீண்டும் மறுக்கப்பட்டு, ஒருவழியாக அனுமதியும் செலவுக்கு ஒரு பவுன் கடனும் கிடைத்து, 1921 மே 24 அன்று 34 பேர் ஓடத் தொடங்கினார்கள். 16 பேர் முடித்தார்கள்.

மறு ஆண்டு வென்றவர் ஆர்தர் நியூட்டன் என்ற விவசாயி. அவருக்கு அப்போது 39 வயது நிரம்பிச் சில நாட்களே ஆகியிருந்தன. நிலம் தொடர்பாக அரசோடு அவருக்கு ஒரு வழக்கு இருந்தது. தம் குறையின் மீது ஊரின் கவனத்தைத் திருப்ப வேண்டும் என்பதற்காகவே அவர் ஓட முடிவு செய்தார். 1922 புத்தாண்டு நாளில் பயிற்சியைத் தொடங்கி, ஐந்தே மாதத்தில் வென்றார். அந்த ஓட்டத்தை மொத்தம் ஐந்து முறை வென்றார். 1934இல், 51 வயதில், இங்கிலாந்தின் பாத் சாலையில் 100 மைல் தூரத்தை 14 மணி 6 நிமிடத்தில் ஓடினார். வேகத்தைப் பெரிதாகக் கருதிய காலத்தில், மெதுவாக, ஆனால் மிக அதிகத் தூரம் ஓடிப் பழக வேண்டும் என்று சொன்னவரும் அதையே செய்து காட்டியவரும் அவர். இன்று நான் சொல்ல வந்ததும் இந்த ஒன்றைத்தான். நடுத்தர வயதில் நெடுந்தூரம் ஓட வருகிறவர் முதலில் கற்க வேண்டியது மெதுவாக ஓடுவதை. நான் அதை மிகத் தாமதமாகவே கற்றேன்.

ஓடிய சாலையைப் பற்றியும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நமக்கு முற்றிலும் அந்நியமான சாலை அன்று. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது டர்பன் துறைமுகத்தில். 1893இல் காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில். அந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் இந்த ஓட்டத்தில், 1975 வரை கறுப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் பெண்களுக்கும் அதிகாரபூர்வமாக இடமில்லை. 1923இல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண்மணி, விண்ணப்பம் மறுக்கப்பட்ட பின்னும் ஓடி, 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். 1935இல் ராபர்ட் முட்சாலி என்ற கறுப்பினத்தவர் 9 மணி 30 நிமிடத்தில் முடித்தார். இருவர் பெயரும் முடித்தவர் பட்டியலில் அன்று ஏறவில்லை. என்னைவிட ஆறு நிமிடம் முன்னதாக, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய செம்மண் சாலையில், பதக்கம் கிடைக்காது என்று தெரிந்தே ஓடிய அந்தப் பெண்மணியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இனி உடலைப் பற்றி. முப்பதுகளுக்குப் பிறகு, இதயமும் நுரையீரலும் சேர்ந்து தசைகளுக்கு ஆக்சிஜனைக் கொண்டு சேர்க்கும் உச்சத் திறன் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. பயிற்சி அந்தச் சரிவை மட்டுப்படுத்தும், நிறுத்தாது. ஆனால் 88 கிலோமீட்டர் ஓடும்போது எவரும் தம் உச்சத் திறனில் ஓடுவதில்லை. 12 மணி நேரத்துக்குள் முடிக்க, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 நிமிடம் 10 விநாடி போதும். தனியாக எடுத்துப் பார்த்தால் அது மிக எளிய வேகம். அதை நாள் முழுதும் விடாமல் காப்பதில்தான் எல்லாச் சிரமமும் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 70 கலோரி செலவாகும். 88 கிலோமீட்டருக்கு ஆறாயிரத்துக்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமித்து வைத்திருப்பதோ இரண்டாயிரம் அளவுதான். எஞ்சியதை உடலின் கொழுப்பும், வழியில் உண்பதும்தான் ஈடுகட்ட வேண்டும். வேகம் கூடக் கூட உடல் கிளைகோஜனை அதிகமாக எரிக்கும். மெதுவாகப் போனால்தான் கொழுப்பின் பங்கு கூடும். நியூட்டன் அனுபவத்தால் கண்டதற்கு உடலியல் தரும் விளக்கம் இது.

தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் வலுப்பெற மாதங்கள் ஆகும். இதை அறியாமல், ஓடத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் வாரத்துக்கு 30 கிலோமீட்டராக இருந்ததை ஒரே மாதத்தில் 60 ஆக்கினேன். குதிகாலுக்கு மேலே வலி வந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போகும். ஐந்து மாதம் ஓடவில்லை. மாடிப்படியின் விளிம்பில் முன்னங்காலை ஊன்றி, குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியை நாளுக்கு இரண்டு வேளை செய்தேன். பயன் தந்தது அந்தப் பயிற்சிதான்.

அந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஞாயிறு விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, நான்கு ஐந்து மணி நேரம் ஓடிவிட்டு வருகிறவர், பகலெல்லாம் உறங்கிவிடுகிறார். கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஒருவர் தலையில் விழுகிறது. என் துணைவியார் ஒருமுறை, "நீங்க ஓடுறது எனக்குச் சந்தோஷம்தாங்க. ஆனா ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இந்த வீட்டுல இல்லாமப் போச்சு" என்றார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் அது என்னைத் தைத்தது. அதன் பிறகு நெடுந்தூரப் பயிற்சியைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.

முதல் முறை நான் போனது ஏறும் ஓட்டம். பெரும்பாலும் ஓராண்டு கடலிலிருந்து மேலே, மறு ஆண்டு மேலிருந்து கடலுக்கு என்று திசை மாறி மாறி நடப்பது வழக்கம். கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ் என்று அடுத்தடுத்து வரும் குன்றுகளில், கூட்டத்தின் உற்சாகத்தில் என் கணக்கை மறந்து ஓடினேன். பாதித் தூரத்திலுள்ள ட்ரமண்டை நெருங்கும்போது கால்கள் என் வசத்தில் இல்லை. அங்கு குறித்த நேரத்துக்குள் வராதவர்களை மேலே ஓட விடமாட்டார்கள். நான் போனபோது கயிறு கட்டிவிட்டிருந்தார்கள். சாலையோரம் அமர்ந்து, குனிந்து, காலணி நாடாவைத் தளர்த்திவிட்டு, ஏற்றிச் செல்லும் வண்டிக்காகக் காத்திருந்தேன்.

மறு ஆண்டு இறங்கும் ஓட்டம். இறங்குவது எளிது என்று எண்ண வேண்டாம். ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தாங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இறுக வேண்டியிருக்கிறது. தசை நார்களைக் கிழிப்பது அதுதான். இம்முறை நான் ஒரு 'பஸ்'ஸில் ஏறிக்கொண்டேன். பல முறை ஓடி முடித்த அனுபவசாலி ஒருவர் கொடி பிடித்து முன்னே ஓட, குறித்த நேரத்தில் முடிக்க விரும்புகிறவர்கள் அவரைச் சூழ்ந்து ஓடும் கூட்டத்துக்கு அங்கே பஸ் என்று பெயர், அவர் டிரைவர். அவர் நடக்கச் சொன்னால் நடக்க வேண்டும், ஓடச் சொன்னால் ஓட வேண்டும். தெம்பு இருக்கும்போதே நடக்கச் சொல்வார். போன ஆண்டு எனக்குத் தெரியாமல் போனது அதுதான். ட்ரமண்டுக்கு அருகே, நியூட்டன் இளைப்பாறுவது வழக்கம் என்று சொல்லப்படும் மண்மேட்டில், எல்லோரும் செய்வது போல நானும் ஒரு பூவை வைத்து, அவருக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனேன்.

வழியில் தண்ணீரை நம் ஊர் பாக்கெட் தண்ணீர் போலச் சிறு உறைகளில் கொடுக்கிறார்கள். முனையைப் பல்லால் கடித்து உறிஞ்ச வேண்டும். உப்பு தொட்ட வேகவைத்த உருளைக்கிழங்கும் கிடைக்கும். தாகத்துக்கு மேல் குடிப்பதால் வரும் ஆபத்தை உலகுக்குச் சொன்னதிலும் இந்த ஓட்டத்துக்குப் பங்கு உண்டு. தண்ணீர் மிகுந்து, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கி மயங்கி விழுந்தவர்களைப் பற்றி, தென் ஆப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் சகாக்களும் 1985இல் எழுதினார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது தண்ணீருக்கும் பொருந்தும். வலிமாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதையும், நாற்பதைக் கடந்தவர்கள் இதயப் பரிசோதனை செய்துகொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது என்பதையும் இங்குள்ள இளைய நண்பர்கள் தங்கள் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

ஓடி முடித்த பின் நான் அரங்கை விட்டுப் போகவில்லை. அங்கு கடைசி நிமிடங்களைப் பார்ப்பதற்காகவே கூட்டம் எழுந்து நிற்கும். 12 மணி நேரம் முடியும் தருவாயில், அதிகாரி ஒருவர் கைத்துப்பாக்கியோடு முடிவுக்கோட்டில் வந்து, ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். எவருடைய முகத்தையும் பார்த்து மனம் இளகிவிடக் கூடாது என்பதற்காக. 1989இல், 80 வயது வாலி ஹேவர்ட் அன்றைய 11 மணி நேரக் கெடுவுக்கு 1 நிமிடம் 57 விநாடி இருக்கும்போது வந்து சேர்ந்ததை அந்த ஊரார் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

துப்பாக்கி வெடித்தது. கோட்டுக்குப் பத்தடி தூரத்தில், என் வயதொத்த ஒருவர் நின்றுவிட்டார். சற்று நேரம் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னர், வலியோடு, முழங்காலில் கையூன்றிக் குனிந்து, காலணி நாடாவைத் தளர்த்தினார்.